கதவு திறக்கும் இடம்

காலடிப்பேட்டை வாசகசாலையில் சிறுவர் விஞ்ஞானக் கதைக்கு நாங்கள் பரிசு கொடுத்த மாலையில்தான் அவரைப் பார்த்தேன். எண்ணூர்ப் பக்கம் ஏதோ தொழிற்சாலையில் இரவு ஷிப்ட். பரிசு அவருக்குத்தான். காக்கிச் சட்டையோடு முன்வரிசையில், டிபன் கேரியரை மடியில் அணைத்தபடி, நிமிர்ந்து உட்கார்ந்தே தூங்கிக்கொண்டிருந்தார்.

மேடையில் நடுவர் புகழ்ந்து தள்ளினார். ராக்கெட் வேற்றுக் கிரகத்தில் இறங்குகிறது, கதவு திறக்கிறது, அத்தோடு கதை முடிகிறது. "வெளியே என்ன என்பதைக் குழந்தைகளின் கற்பனைக்கே விட்டுவிட்டாரே!"

நான் போய் அவர் தோளைத் தொட்டேன்.

"ஷிப்ட் சங்கு ஊதிட்டானா?" என்று பதறி எழுந்தார்.

மேடையிலிருந்து பரிசுக் கோப்பையோடு இறங்கி வந்தவரிடம், "அந்த முடிவு எப்படித் தோணிச்சு?" என்று கேட்டேன்.

"முடிவா? பகல்ல நான் தூங்கசொல்லோ பசங்க கத்திகினே கீதுங்க சார். கதை சொன்னாத்தான் கம்முனு இருக்குங்க. கதவு தொறக்கசொல்லோ நான் தூங்கிடுவேன். தெனம் அங்கதான். அத்த அப்படியே எழுதி அனுப்ச்சேன்."

"சரி, வெளியே என்னதான் இருக்கு?"

"பசங்களும் அத்தத்தான் கேட்டுகினு கீதுங்க. ஒரு நா லீவு கெடச்சா யோசிக்கணும்."

கொட்டாவி விட்டபடி, கோப்பையைப் பையில் செருகிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

லீவு கிடைத்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.