காது கேளாத நாய் உறுமிய மூலை

காது கேட்காத நாய் எதைக் கேட்டு உறுமுகிறது? இந்தக் கேள்வி எனக்குள் விழுந்த நேரத்தில் நான் மாமா வீட்டுக் கட்டிலின் மேல் ஏறி, முதுகைச் சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றிருந்தேன். கீழே அந்த வெள்ளை நாய். முதுகு மயிர் சிலிர்த்து, நான்கு கால்களையும் ஊன்றி, ஆளே இல்லாத மூலையைப் பார்த்து உறுமிக்கொண்டிருந்தது. அத்தை நிலைக்கதவைப் பிடித்தபடி நின்றாள். மாமா பாய்ந்து போய் பாட்டுச் செட்டை அணைத்தார். தவில் நின்றது, உறுமலும் நின்றது. நாய் ஒரு கொட்டாவி விட்டு அதே இடத்தில் சுருண்டு படுத்தது. நான்தான் கட்டிலைவிட்டு இறங்கவே இல்லை.

எட்டாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறை அது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து என்னை ராஜபாளையத்துக்கு அனுப்பியிருந்தார்கள். அத்தைக்கு ஏழு மாதம் நடந்துகொண்டிருந்தது. கூடமாட ஒத்தாசையாக இருக்கட்டும் என்பது அம்மாவின் ஏற்பாடு. நான் செய்த ஒத்தாசை எல்லாம் அத்தை வறுத்து வைத்த கடலையைத் தின்றதும், மாமா செட்டைக் கழற்றும்போது ஸ்குரூக்களைக் கிண்ணத்தில் போட்டுப் பார்த்துக்கொண்டதும்தான்.

மாமா வீடு இரண்டு தெருக்கள் வந்து சேரும் முனையில் இருந்தது. அதனால் முன்னறை பாக்குவெட்டியின் வாயைப் போல. இந்தப் பக்கம் கட்டில் போடும் அளவுக்கு அகலம். போகப் போக ஒடுங்கி, கடைசியில் ஒரு ஆள் ஒருக்களித்து நிற்கத்தான் இடம் இருக்கும். மாமா மில்லில் எலக்ட்ரீஷியன். மதுரையில் பார்ட்ஸ் வாங்கிவந்து ஆம்ப்ளிஃபயரைத் தானே பூட்டி, இடுப்புயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளைத் தச்சரிடம் சொல்லிச் செய்து, வேறு இடம் இல்லாததால் அந்த ஒடுங்கிய முனையில் கொண்டுபோய்ச் சொருகியிருந்தார். சத்தம் வந்தது. ஆனால் தவில் தவிலாக வராது. பாரம் ஏற்றிய லாரி மேட்டில் திணறுவதுபோல் ஒரு ‘ம்ம்ம்’ அறை முழுக்க நிரம்பும். பாடுகிறவர் என்ன சொல்கிறார் என்பது அவருக்கே வெளிச்சம்.

“செட்டு அருமையான செட்டு, மருமகளே. ரூம்தான் சனியன்” என்பார் மாமா.

நாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்து நாய்களில் சுத்த வெள்ளையாக, ரோஸ் மூக்கோடு பிறக்கும் குட்டிகளுக்கு மவுசு அதிகம். அப்படிப் பிறப்பதில் சிலவற்றுக்குக் காது கேட்காது. மாமாவின் அப்பாவான தாத்தா காவலுக்கென்று ஆசையாகத் தூக்கிவந்தது அப்படி அமைந்துவிட்டது. பின்னால் போய்த் தட்டைத் தட்டினாலும் திரும்பாது. தாத்தா தரையில் கம்பை ‘ணங்’ என்று இடித்தால்தான் தலையைத் தூக்கும். வெயில் நேரத்தில் அதற்குப் பிடித்த இடம் அந்த முனையில், பெட்டிகளுக்கு முன்னால்தான். சிமெண்டுத் தரை அங்கே சில்லென்று இருக்கும். எனக்கோ அதன் பக்கத்தில் போகவே நடுக்கம். மஞ்சள் கண்ணால் ஒரு பார்வை பார்க்கும் பாருங்கள், தின்ற கடலை மேலே வந்துவிடும்.

அது மூலையைப் பார்த்து உறுமுவது அந்த வாரத்தில் மூன்றாவது தடவை.

“காது கேக்காத நாய் பாட்டுக்கா உறுமும்? அது எதையோ கண்ணால பாத்துட்டுல்லா உறுமுது” என்றாள் அத்தை.

எதிர்வீட்டம்மா வந்து எட்டிப் பார்த்தார், தெலுங்கு வீட்டுக்காரர். மூலையைப் பார்த்ததும் “தெய்யம்” என்று தன் பாஷையில் பேயின் பெயரைச் சொல்லிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நாய்க்குத் தெரிவது நமக்குத் தெரியாது, பிள்ளைத்தாச்சி இருக்கிற வீடு, பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து அந்த அறையைத் தாண்டும்போது நான் ஓடத் தொடங்கினேன்.

வீட்டில் ஏற்கெனவே ஒரு வழக்கு ஓடிக்கொண்டிருந்தது. அத்தையின் முதல் பிரசவம் அவள் பிறந்த ஊரான மகாராஜபுரத்தில் நடந்தது. பிள்ளை தங்கவில்லை. ஆகவே இந்தப் பிள்ளை இங்கேதான் பிறக்க வேண்டும் என்று தாத்தா சொல்லிவிட்டார். அவர் பேச்சிலும் நியாயம் இருந்தது.

“இங்கன எட்டி நடந்தா ஆஸ்பத்திரி. அங்கன ராத்திரி வலி எடுத்தா வண்டிக்கு எங்க போவ?”

அத்தை அவர் முன்னால் எதிர்த்துப் பேச மாட்டாள். அடுப்படியில் மாமாவிடம் மட்டும் மெதுவாகச் சொன்னதை, கடலை எடுக்கப் போன நான் கேட்டேன்: “எங்கம்மா பக்கத்துல இருந்தாத்தான் இந்த உசுரு தங்கும்னு இருக்கு எனக்கு. இங்க படுத்தா கண்ண மூட முடியல.” மாமா டெஸ்டரைத் திருகிக்கொண்டிருந்தார். எனக்கு அதில் கடைசி வரி மட்டும்தான் புத்தியில் ஏறியது. அந்த அறையில்தானே பிள்ளை பெற்றுவந்து படுக்கப்போகிறாள். பேய் இருக்கும் இடத்தில் எப்படிக் கண்ணை மூடுவது?

மூன்றாவது உறுமலுக்குப் பிறகு தாத்தாவே ஆடிப்போனார். சாப்பிட்டுக் கை கழுவும்போது சொன்னார்: “எனக்கும் மனசுக்குச் சரியாப்படல. ஏலே, வெள்ளிக்கிழம இவளக் கொண்டுபோயி அவிய அம்மா வீட்டுல விட்டுட்டு வா.”

அன்றைக்கே அத்தை பையில் சேலைகளை அடுக்கிவிட்டாள். சாயங்காலம் எனக்கு ரெட்டைச்சடை போட்டுவிட்டபோது சீப்பு வலிக்கவே இல்லை. ஏதோ ஒரு பாட்டைக்கூட முணுமுணுத்தாள். இரவு இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டாள். பயம் முற்றினால் மனிதர்கள் இப்படித்தான் ஆகிவிடுவார்கள்போல என்று நினைத்து எனக்கு அழுகையே வந்தது. அத்தை பேய்க்குப் பயந்து வீட்டைவிட்டு ஓடுவதா? அதுவும் அறிவியலில் வகுப்பிலேயே முதலாக வந்த நான் இருக்கும்போது?

தாத்தா தரையில் கம்பை இடிப்பார் என்றேனே, அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். காதில்லாவிட்டாலும் வயிறு இருக்கிறது. தரையில் ஒட்டிக்கொண்டு கிடக்கும் வயிறு. சத்தம் என்பது அதிர்வு என்று புத்தகத்தில் இருக்கிறது. அப்படியானால் நாய் கேட்பது தரை வழியாக.

மறுநாள் காலை, அத்தை கோயிலுக்குப் போன நேரம் பார்த்து மாமாவிடம் சொன்னேன். அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, “எப்படிப் பாப்ப?” என்றார்.

ஒரு தாம்பாளம், ஒரு பிடி கடுகு. தாம்பாளத்தைத் தரையில் வைத்துக் கடுகைப் பரப்பி, அறையின் ஒவ்வொரு இடமாக நகர்த்திப் பார்ப்பது. அதிர்கிற இடத்தில் கடுகு குதிக்கும். மாமா தவில் கேசட்டை ஓடவிட்டுச் செட்டின் பக்கத்தில் நிற்க வேண்டும். தாம்பாளத்தை நகர்த்துவது என் வேலை. நாய் அதன் இடத்தில் படுத்திருந்தது.

வாசல் பக்கம் வைத்தேன். கடுகு அசையவில்லை. அறை நடுவில் வைத்தேன். அப்போதும் அசையவில்லை. முட்டிபோட்டு முனையை நோக்கித் தவழ்ந்தேன். இரண்டு பக்கச் சுவரும் தோளை உரசின. அந்த ‘ம்ம்ம்’ காதில் ஏறாமல் நேராகப் பல்லில் ஏறியது. நாய் எழுந்துவிட்டது. அதன் மூச்சு என் முழங்கையில் பட்டது; உறுமல் தொண்டைக்குள் தொடங்குவது தெரிந்தது. அது கடித்துவிடுமே என்ற பயம் ஒன்று. அதைவிடப் பெரிய பயம் இன்னொன்று: இங்கேயும் கடுகு அசையாவிட்டால்? அப்போது நாய் பார்ப்பது வேறு ஏதோ என்றுதானே அர்த்தம்? அது என் முகத்துக்கு ஒரு முழம் முன்னால் நின்றுகொண்டிருக்கிறது என்றுதானே அர்த்தம்?

கண்ணை இறுக மூடிக்கொண்டு தாம்பாளத்தைத் தள்ளினேன்.

“ஏட்டி, கண்ணத் தொற! குதிக்குது பாரு!” என்று மாமா கத்தினார்.

கடுகு சட்டியில் பொரிவதுபோல் துள்ளியது. பாதி தரையில் சிதறிவிட்டது. நாய் உறுமுவதை விட்டுவிட்டுக் கடுகை முகர்ந்து பார்த்துத் தும்மியது. நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். மாமா என் தலையில் கையை வைத்துக்கொண்டு சிரியோ சிரியென்று சிரித்தார்.

அதற்குமேல் எங்களைப் பிடிக்க ஆள் இல்லை. பெட்டிகள் இரண்டையும் முனையிலிருந்து பிடுங்கி நீளச் சுவர் ஓரத்துக்கு நகர்த்தினோம். பெட்டிக்கு அடியில் பழைய சைக்கிள் ட்யூபை வெட்டி மடித்துக் கொடுத்தோம், அதிர்வு தரையில் இறங்காமல் இருக்க. வீட்டுக்குப் பின்னால் தாத்தாவின் பேண்டேஜ் துணித் தறி ஓடிக்கொண்டிருந்தது. அங்கே கழிவுப் பஞ்சு மூட்டைகளுக்குப் பஞ்சமே இல்லை. தாத்தாவிடம் கேட்டுத்தான் எடுத்தோம். “அந்த ரூமுக்குள்ள இனிமே எவனாவது பீடி பத்தவச்சான், அவனையும் சேத்து மூட்டையில கட்டிருவேன்” என்று மாமாவைப் பார்த்துச் சொல்லிவிட்டுக் கொடுத்தார். மூட்டைகளை அந்த முனையில் திணித்துத் திணித்து ஆளுயரத்துக்கும் மேலே அடுக்கினோம். சத்தம் போய்க் குவிகிற இடத்தில் பஞ்சு இருந்தால், சத்தம் பஞ்சுக்குள் அலைந்தே களைத்துப் போகும் என்று மாமாவுக்கு விளக்கினேன். சரியாகத்தான் விளக்கியிருக்கிறேன் என்று இப்போதும் தோன்றுகிறது.

வியாழக்கிழமை சாயங்காலம் எல்லோரையும் கூப்பிட்டேன். தாத்தா நாற்காலியில். எதிர்வீட்டம்மா வாசலில், எதற்கும் ஒரு காலை வெளியே வைத்துக்கொண்டு. அத்தை கதவோரம். நாய் வந்து மூட்டைகளை முகர்ந்து, அதன் முன்னாலேயே வயிற்றைத் தரையில் பரப்பிப் படுத்தது. மாமா அதே தவில் கேசட்டை, அதே இடத்துக்குச் சுற்றிக் கொண்டுவந்து ஓடவிட்டார்.

தவில் தவிலாக வந்தது. ஒவ்வொரு அடியும் தனித்தனியாக, தோலில் விரல் விழுவதுகூடத் தெரிகிற மாதிரி. நாகஸ்வரக்காரர் மூச்சு வாங்குவது கேட்டது. மாமாவின் வாய் திறந்தபடியே இருந்தது. நாய் தலையை முன்னங்காலில் வைத்துத் தூங்கிப் போனது.

“அட, ஒன்னுமில்லையா? பேயெல்லாம் இந்தப் பெட்டிதானா? எம்புட்டு நாளா பயங்காட்டிட்டு இருந்திருக்கு!” தாத்தா தொடையைத் தட்டிச் சிரித்தார். எதிர்வீட்டம்மாகூட இரண்டாவது காலை உள்ளே வைத்தார். தாத்தா என்னை இழுத்துப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, அத்தை பக்கம் திரும்பினார். “பொறவென்ன? பையப் பிரிச்சு வையி தாயி. மகாராஜபுரமும் வேண்டாம், ஒன்னும் வேண்டாம்.”

எல்லோரும் நாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தேன், யார் யார் என்னைப் பாராட்டுகிறார்கள் என்று. அத்தை இருந்த இடத்தில் கதவு மட்டும் இருந்தது.

விளக்கு வைக்கும் நேரத்தில் அவள் அந்த அறைக்கு வந்தாள். நான் கட்டிலில் உட்கார்ந்து, சத்தம் குறைவாக வைத்து அதே கேசட்டைத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தேன். கதவைப் பாதி சாத்திவிட்டு, மூட்டைகளின் அருகில் போய் நின்றாள். ஒன்றின் மேல் கையை வைத்து அழுத்திப் பார்த்தாள். இன்னொரு கை வயிற்றில் இருந்தது.

“ஏட்டி, இத எடுத்துட்டா பழையபடி உறுமுமா?”

“எடுத்துட்டுப் பெட்டியையும் பழைய எடத்துல வச்சா உறுமும் அத்த. கட்டாயம் உறுமும்.”

“யாருக்கும் தெரியாம எடுக்க முடியுமா?”

அவள் மூட்டையின் காதைப் பிடித்து இழுத்துப் பார்ப்பதை அந்த மங்கலிலும் பார்த்தேன். பாவம், இன்னும் பயம் போகவில்லை, யாராவது ராத்திரியோடு ராத்திரியாக எடுத்துவிடுவார்களோ என்று கிடந்து தவிக்கிறாள் என்று நினைத்தேன். இறங்கிப் போய் வயிற்றிலிருந்த அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். சில்லென்று இருந்தது.

“பயப்படாதீங்க அத்த. ஒருத்தராலயும் எடுக்க முடியாது. நாளைக்குக் காலைல மாமாகிட்டச் சொல்லிக் குறுக்கால பலகை வச்சு ஆணி அடிச்சிருதேன்.”

அத்தை மூட்டையிலிருந்து கையை எடுக்கவில்லை. நான் அண்ணாந்து பார்த்தேன். மேல் மூட்டைக்கும் கூரைக்கும் நடுவில் இன்னும் ஒரு முழம் இடைவெளி இருந்தது. பலகை அடிப்பதற்கு முன்னால் அதையும் அடைத்துவிட வேண்டும்.