அட்டையில் எழுதின வயது

எங்கள் கோர்ட்டில் இருபத்தாறு வருஷமாகக் கோப்புகளைக் கட்டி மேய்க்கிற அக்காவுக்கு வாய்தா அக்கா என்று பேர். அடுத்த விசாரணைத் தேதியை எல்லாருக்கும் சொல்வது அவர்தான். வீட்டில் கணவர் ஒரு டீ கேட்டால்கூட அடுத்த மாதம் பதினான்காம் தேதி என்பார் என்று கிண்டல் செய்வோம். பக்கத்து மேஜை டைப்பிஸ்ட் நான். அவரிடம் திட்டு வாங்காத நாளே எனக்கு ஞாபகமில்லை.

அவருக்கு ஒரு பழக்கம். புதுக் கோப்பு திறக்கும்போது, குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சம்பவம் நடந்த அன்றைய வயதை விட்டுவிட்டு, கோப்பு திறக்கிற அன்றைய வயதைக் கணக்குப் போட்டு அட்டையில் எழுதுவார். இன்றைக்கு வந்து நிற்கிற ஆளுக்கு இன்றைக்கு வயதுதானே என்பது அவர் நியாயம். பதினாறு தாண்டினால் பெரிய குற்றத்துக்குப் பெரியவர்கள் கோர்ட்தான் என்று அப்போது சட்டம். அதனால் பதினேழோ பதினெட்டோ, யாரும் கண்டுகொள்ளவில்லை.

போன வருஷம் சட்டம் மாறியது. சம்பவ நாளில் பதினெட்டு நிரம்பாதவர்களின் வழக்கெல்லாம், பாதி நடந்திருந்தாலும், சிறார் கோர்ட்டுக்குப் போக வேண்டும். முப்பது நாளுக்குள் பட்டியல் கேட்டார்கள். எப்போதோ வந்திருக்க வேண்டிய சட்டம் என்று எனக்குக் கோபம்கூட உண்டு. அக்கா அட்டைகளை மட்டும் பார்த்து நான்கே நாளில் பட்டியல் போட்டு, 'சரிபார்த்தேன்' என்று கையெழுத்தும் போட்டு அனுப்பிவிட்டார்.

இருபத்தெட்டாம் நாள் ஒரு அம்மா ஜன்னலுக்கு வந்தார். ஆஸ்பத்திரியில் துணி துவைக்கிறவர். வேலை பார்த்த கடையையே கூட்டாளிகளோடு சேர்ந்து உடைத்த அவர் மகள், எட்டு மாதமாகப் பெரியவர்கள் சிறையில் இருக்கிறாள். அடுத்த வாரம் தீர்ப்பு. பட்டியலில் மகள் பேர் இல்லையே என்று கேட்டார். அட்டையில் பதினெட்டு என்று இருக்கிறது, ஒன்றும் செய்ய முடியாது என்றார் அக்கா. அந்த அம்மா பிறப்புச் சான்றிதழை உள்ளே தள்ளினார். சம்பவத்தன்று அந்தப் பெண்ணுக்குப் பதினெட்டு ஆக இருபது நாள் பாக்கி.

அக்கா கோப்பைப் பிரித்துச் சம்பவத் தேதியைப் பார்த்தார்.

வக்கீல் மனு போடட்டும், சும்மா கிடக்கிற சங்கை ஊதிக் கெடுக்க வேண்டாம் என்றார் எங்கள் மேலாளர். மனு நகர்வதற்குள் தீர்ப்பு வந்துவிடும் என்று அவருக்கும் தெரியும். பார்க்காமலே பார்த்ததாகக் கையெழுத்துப் போட்டதற்கு வேலையே போகலாம் என்று அக்காவுக்கும் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

அக்கா கோப்பை எடுத்துக்கொண்டு நேரே நீதிபதி அறைக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

"அட்டையைப் பார்த்தே பட்டியல் போட்டுட்டேன் ஐயா. உள்ளே பிரிச்சுப் பார்க்கல. தப்பு என்னோடது. அதுக்கு அந்தப் பொண்ணைத் தண்டிச்சுடாதீங்க."

இப்படி இன்னும் எத்தனை என்று நீதிபதி கேட்டார். தெரியாது என்றார் அக்கா. நாளை மறுநாளுக்குள் தெரிய வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

இரண்டு நாளும் எல்லாரும் கோப்புகளைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்தோம். சங்கைப் பற்றிப் பேசிய மேலாளரும் வந்து உட்கார்ந்தார். இன்னும் பதினொரு பேர் கிடைத்தார்கள். முப்பதாம் நாள் நான்கு மணிக்குத் திருத்திய பட்டியல் போனது. அக்காவுக்கு ஒரு கண்டன மெமோ வந்தது. வேலை தப்பியது.

நடந்ததை அந்த அம்மாவிடம் அக்காவே சொன்னார்.

"இப்ப மன்னிப்புக் கேக்காதீங்க. எனக்கு மனசு வராது," என்றார் அந்த அம்மா. "அவ வீட்டுக்கு வரட்டும். அப்புறம் வாங்க, பேசலாம்."

சிறார் கோர்ட் மூன்றே வாய்தாவில் விசாரணையை முடித்தது. ஒரு வருஷம் கண்காணிப்பு, பாதியில் விட்ட படிப்பைத் தொடர வேண்டும் என்று சொல்லி அவளை வீட்டுக்கு அனுப்பியது. அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா என்னையும் இழுத்துக்கொண்டு போனார். வாசல் வரை வேகமாக நடந்தவருக்குக் கதவைத் தட்டக் கை எழவில்லை. நான்தான் தட்டினேன்.

கதவைத் திறந்தது அந்தப் பெண்தான்.