ஐந்தாவது பாடத்தின் பங்கு

பெலெனாத்தோ வீட்டு ஓலைத் தட்டி பகலில் இறங்கியிருந்தால் அவன் உள்ளே கணக்குப் போடுகிறான் என்று அர்த்தம். எங்கள் நுக்குநோனுத் தீவில் பகலில் தட்டியை இறக்குவது காய்ச்சல்காரர்களும் சண்டை போட்ட புருஷன் பெண்டாட்டியும்தான். இவன் மூன்று வருடமாக இறக்கிக்கொண்டிருந்தான். இறங்கிய தட்டிக்கு வெளியே நின்று யாரும் கூப்பிடக் கூடாது. அது எங்கள் மரியாதை. மரியாதை என்ற பெயரில் எத்தனை சோம்பேறித்தனம் செய்திருக்கிறோம் என்று நினைத்தால் எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது.

அவன் தீவுப் பள்ளியில் மேல் வகுப்புக் கணக்கு வாத்தியார். நியூசிலாந்தில் படிக்கப் போய்ப் பாதியில் திரும்பியவன். ஏன் திரும்பினான் என்று யாரிடமும் சொன்னதில்லை. தங்கை குடும்பமும் கப்பலேறிய பிறகு அவன் வீட்டில் அடுப்பு ஒரு வேளைதான் எரிந்தது. வாத்தியார் வேலை நிலைக்க வேண்டுமானால் அஞ்சல்வழிக் கல்லூரியின் கணிதத் தாளில் அவன் தேற வேண்டும். மூன்று தடவைதான் எழுதலாம். இரண்டு தடவை தவறிவிட்டான். விடைத்தாள் கப்பலில் திரும்பி வரும்போது ஐந்தாவது பாடத்துக் கணக்குகள் மேல் சிவப்பு மையில் பெருக்கல் குறி மட்டும் இருக்கும். ஏன் தப்பு என்று ஒரு வரி இருக்காது. கணக்கு வாத்தியாருக்கே கணக்கு வரவில்லை என்பதை அவன் யாரிடம் போய்ச் சொல்லுவான்?

அவன் மூன்றாவது தடவை எழுதவிருந்த வருடம் அதே தாளுக்கு நாங்கள் மூன்று பெண்களும் பெயர் கொடுத்தோம். ஆஸ்பத்திரியில் உதவியாளராக இருக்கும் லூசியா அக்கா, வானொலி அறையில் வேலை பார்க்கும் இயூலியானா, சின்ன வகுப்புப் பிள்ளைகளை மேய்க்கும் நான். பள்ளி விட்டதும் வகுப்பறைப் பாயில் உட்கார்ந்து புத்தகத்தைப் புரட்டினோம். பயமாக இருந்தது.

"இத்தனையும் ஒருத்தரே முழுங்கினா செரிக்காது," என்றாள் லூசியா அக்கா. "இனாத்தி வச்சிடலாம்."

இனாத்தி என்றால் ஊர்ப் பங்கு. படகுகள் கொண்டுவரும் சூரை மீனைக் கரையில் குவித்து, கடலுக்குப் போனவன், போகாதவன், படுக்கையில் கிடப்பவன் எல்லோருக்கும் பிரிப்போம். ஒருவரை விட்டாலும் அது இனாத்தி இல்லை.

"அப்ப நாலு பங்கு," என்றாள் இயூலியானா. "பெலெனாத்தோ அண்ணனுக்கும் இதே தாள்தானே."

"அவரு வரமாட்டாரு," என்றேன்.

"மீனுக்கு மட்டும் எல்லாரும் கரைக்கு வர்றாங்களாக்கும். பங்கு வீட்டுக்குப் போகும்."

மொத்தம் ஏழு பாடம். எங்களுக்கு ஆளுக்கு இரண்டு. தலைகால் புரியாத ஐந்தாவதை, வாத்தியார்தானே என்று, அவன் பெயருக்கு ஒதுக்கினோம். அவரவர் பாடத்தைப் படித்து மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தோம். சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தால்தான் நமக்கே ஒன்றும் தெரியாது என்பது தெரிகிறது. அந்த அவமானத்தை மூவரும் முறை வைத்துப் பட்டோம், சிரித்தோம். பிறகு பாடத்தைத் தாளில் எழுதி அவன் வாசல் சரளையில் போட்டு, பறக்காமலிருக்க மேலே ஒரு கல்லை வைத்துவிட்டு வருவோம். மறுநாள் தாள் அங்கே இருக்காது. நன்றி என்று ஒரு சொல்லும் வராது.

தேர்வுக்குப் பத்து நாள் இருக்கும்போது வகுப்பறை வாசலில் வந்து நின்றான். கையில் ஆறு பாடத்துத் தாள்கள்.

"அஞ்சாவது எங்க?"

லூசியா அக்கா தலை நிமிரவில்லை. "அது ஒன் பங்கு தம்பி. ஏழு வாரமா நாங்கதான் காத்துக் கெடக்கோம்."

"கிண்டல் பண்றீங்களா?"

"கிண்டல் பண்றதுக்காவது எங்களுக்கு அது புரியணுமே," என்றாள் இயூலியானா.

திரும்பிப் போய்விடுவான் என்றுதான் நினைத்தேன். போகவில்லை. கையிலிருந்த தாள்களைப் பார்த்தபடி, "எனக்கும் தெரியாது," என்றான்.

யாரும் சிரிக்கவில்லை. அக்கா நகர்ந்து பாயில் இடம் விட்டாள். "தெரிஞ்ச வரைக்கும் சொல்லு. கேக்குறோம்."

கரும்பலகையில் எழுதினான். பையில் பத்துக் கல். நாலு வெள்ளை, ஆறு கறுப்பு. இரண்டு கல் எடுத்தால் இரண்டும் வெள்ளையாக இருக்க வாய்ப்பு எவ்வளவு? முதல் கல்லுக்குப் பத்தில் நாலு. இரண்டாவதற்கும் பத்தில் நாலு.

"இரு," என்றாள் அக்கா. "மொதல்ல எடுத்த கல்லு இப்ப எங்க?"

"கையில."

"அப்ப பையில ஏது பத்து? எடுத்த மீன எவனாவது திரும்பக் குவியல்ல போடுவானா?"

சுண்ணாம்புக்கட்டி பலகையிலேயே நின்றது. புத்தகத்தின் முதல் உதாரணத்தில் கல்லைத் திரும்பப் பையில் போடுவார்கள். இவன் எல்லாக் கணக்கிலும் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறான். அழித்துவிட்டு ஒன்பதில் மூன்று என்று எழுதினான். அவ்வளவுதான் விஷயம்.

"மூணு வருஷம்," என்றான். சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். அவன் வீட்டிலிருந்து அந்தப் பாய்க்கு நாற்பது எட்டு வைக்கும் தூரம்கூட இருக்காது. அவன் நடந்து வரவில்லை, நாங்களும் போய்க் கூப்பிடவில்லை.

முடிவு கப்பலில் வந்தது. அவனும் மற்ற இருவரும் தேறினார்கள். நான் தேறவில்லை. என் சொந்தப் பங்கான இரண்டாவது பாடத்திலேயே கோட்டை விட்டிருந்தேன். கரையில் எல்லோரும் பாடிக்கொண்டிருந்தபோது வீட்டுக்கு வந்து தட்டியை இறக்கினேன். உள்ளே நல்ல வெயிலிலும் இருட்டாக இருந்தது. பாட்டுச் சத்தம் யாருக்கோ எங்கேயோ கேட்பதுபோல் இருந்தது. இதற்குள்ளா பெலெனாத்தோ இத்தனை நாள் உட்கார்ந்திருந்தான் என்று நினைத்தேன்.

மாலைச் செபத்துக்கு முன் வெளியே சரளை நெரிபட்டது. இறங்கிய தட்டிக்கு முன்னால் நின்று, மரியாதை தெரியாதவன்போல் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டான்.

"சூலியா, ரெண்டாவது பாடம் எனக்குச் சரியாப் புரியல. பள்ளிக்கூடத்துக்கு வா, வந்து சொல்லு."

தேறியவனுக்கு இரண்டாவது பாடம் இனி எதற்கு என்று நான் கேட்கவில்லை. தட்டியைச் சுருட்டிக் கட்டினேன்.