காரைக்கால் புறவழிச்சாலையில் காலி டேங்கோடு

துபாயிலிருந்து விடுப்பில் வந்திருந்த என் தம்பி போன சனிக்கிழமை திரும்பிப் போனான். இனி வர இரண்டு வருசமாகும். அவன் வீடு காரைக்காலுக்கு மேற்கே, புறவழிச்சாலையின் அந்தக் கோடியில். பதினொரு மணிக்குத் திருச்சி விமான நிலையத்துக்குக் கார். அதற்குள் முகம் பார்த்து, கையால் கிளறிய தம்ரூட் அல்வாவைக் கொடுத்துவிட வேண்டும். அல்வா இறங்கவே பத்து மணி ஆனது. நாகூரிலிருந்து வீட்டுக்காரரின் பைக்கில் கிளம்பினோம்.

எங்கள் ஊர் ஆண்கள் தமிழ்நாட்டுக்குள் பெட்ரோல் போடுவது பாவம் என்று நினைப்பவர்கள். காரைக்கால் யூனியன் பிரதேசம்; எல்லை தாண்டினால் விலை குறைவு. தாண்டியதும் வந்த பங்க்கில் கூட்டம். "பைபாஸ் முடியிற எடத்துல போட்டுக்கலாம் புள்ள" என்றார்.

இந்தப் புறவழிச்சாலை மாநில நெடுஞ்சாலைதான், ஆனால் குட்டி. பாட்டு இரண்டு கேட்பதற்குள் முடிந்துவிடும். ஊர் நெரிசலைத் தொடாமல் வயல் நடுவே போகிறது. தார் என் வீட்டுக்காரர் தலையைவிட வழவழப்பு. பாதிச் சாலையில் நெல் காய்ந்தது. லாரிகூட ஒரு மணியை மிதிக்காமல் ஒதுங்கிப் போனது. பார்க்கவே அழகு.

அந்த அழகின் நடுவில் பெட்ரோல் தீர்ந்து வண்டி நின்றது. மணி பத்து ஐம்பது. எனக்கு அழுகை முட்டியது.

காரைக்கால்மேட்டு மீன்காரர் ஒருவர் மொபெட்டை நிறுத்தினார். "நாகூரா அண்ணே?"

"எப்புடித் தெரியும்?"

"டேங்கக் காய வச்சிக்கிட்டு வர்றது அவுங்கதானே! நெல்லோட சேத்து இதையும் காயப் போட்டீங்களா? ஏறுங்க."

எங்கள் பைக்கின் மீது ஒரு காலை ஊன்றித் தள்ளிக்கொண்டே மொபெட்டை ஓட்டினார். "மச்சான், நல்லா உக்காருங்க, மீனுக்கு முன்னாடி நாம போறோம்" என்றேன் வீட்டுக்காரரிடம்.

பதினொன்று பத்துக்கு எதிரே ஒரு வெள்ளைக் கார் வந்து, சட்டென்று ஓரங்கட்டியது. தம்பி இறங்கி ஓடிவந்தான்.

"என்ன லாத்தா, மீன் யாவாரத்துல எறங்கிட்டியா?"

அக்காவைக் கேட்கிற கேள்வியா! அல்வாவை அவன் கையில் திணித்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டான். டிரைவர் ஹாரன் அடித்த பிறகுதான் கையை விட்டான்.

போகிறவர்களுக்கு: வழியில் பங்க்கை நம்பாதீர்கள், எல்லையிலேயே போட்டுக்கொள்ளுங்கள். அறுவடைக் காலத்தில் மெதுவாகப் போங்கள். ஆனால் இந்த வழியாகவே போங்கள். ஊருக்குள் நூறு தெரு. அவன் ஒன்றில் போக, நாங்கள் ஒன்றில் தேடியிருப்போம். இங்கே இருப்பது ஒரே சாலை. எதிரே வருகிறவர்கள் கண்ணில் படாமல் போக முடியாது.