ஆடி மாதத்துப் பந்தி

இந்த ஊர் நூலகத்தில் வேலை முடிந்து லேப்டாப்பை மூடினாலும் நான் உடனே எழுந்திருப்பதில்லை. ஆம்ஸ்டர்டாமை ஒட்டிய எங்கள் புறநகரில், அலுவலகம் போகாமல் வேலை பார்ப்பவர்களுக்கென்று நூலக மாடியில் நீள மேசைகள் போட்டிருக்கிறார்கள். என் பக்கத்து நாற்காலி இங்க்ரிட்டுடையது. ஐம்பது வயதுப் பெண்மணி, மொழிபெயர்ப்பு வேலை. ஒருநாள் நான் கையைக் கட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "யாருக்காவது காத்திருக்கிறாயா?" என்று கேட்டார். "உங்களுக்காகத்தான்" என்றேன். அவர் கைப்பையை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "என்னிடம் ஏதாவது வேண்டுமா?" "ஒன்றும் வேண்டாம். நீங்கள் இன்னும் முடிக்கவில்லையே, அதனால்தான்." அவர் பயம் இன்னும் கூடியது. எங்கள் தருமபுரிக்காரர்களுக்கு இதில் விளக்க ஒன்றுமில்லை. இங்க்ரிட்டுக்கோ ஓர் ஆடி மாதத்தையே சொல்ல வேண்டியிருந்தது.

போன ஆடியில் என் தங்கை கவிதாவுக்குத் தலைப்பிரசவம். எங்களுக்கு அம்மா இல்லை. மாப்பிள்ளை ராணுவத்தில், குழந்தை பிறந்த பிறகுதான் விடுப்பு. "நீ பக்கத்துல இருந்தா போதும்க்கா" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காக என் மேலாளர் பீட்டரிடம் தருமபுரியிலிருந்து வேலை பார்க்க அனுமதி கேட்டேன். தாராளமாகக் கொடுத்தார். ஆனால் முதல் வாரமே வாடிக்கையாளர் கூட்டத்தில் என் இணைப்பு அறுந்து அறுந்து போனது. "இப்படியே போனால் நீ திரும்பி வந்துவிடுவதுதான் நல்லது" என்றார் பீட்டர். டச்சுக்காரர்கள் சிரித்துக்கொண்டே சொன்னாலும் சொன்னது சொன்னதுதான். குழந்தை பிறக்குமுன் விமானம் ஏற வேண்டி வந்தால் கவிதாவின் முகத்தை எப்படிப் பார்ப்பது?

அவள் வீடு கலெக்டர் ஆபீஸைத் தாண்டி, புதிதாக மனை பிரித்து எழும்பிய ஒரு நகரில். அங்கே கரண்ட் பாதி எதிரி, சொந்தங்கள் மீதி. புள்ளைத்தாச்சியைப் பார்க்க வருகிறவர்கள் என்னையும் விடமாட்டார்கள். "லீவுல வந்திருக்கியா கண்ணு?" "இல்லீங்க, வேலை பாத்துக்கிட்டு இருக்கேன்." "வூட்லயேவா? அப்பச் சும்மாத்தானே இருக்க!" என்று என் எதிரிலேயே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார்கள். பீட்டருக்குத் திரையில் என் முகத்தோடு ஒரு பெரியம்மா முகமும் தெரியும்.

கவிதாவின் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு வாடகைக்கு மேசை தரும் கோ-ஒர்க்கிங் இடம் தேடிக் கிளம்பினேன். கூகுள் வரைபடம் காட்டிய முதல் இடத்தில் சிக்கன் பக்கோடா பொரித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது இடம் ஒரு கம்ப்யூட்டர் சென்டர். "உட்கார்ந்து வேலை செய்ய இடம் வேண்டும்" என்றேன். கடைக்காரர் தலையை நிமிர்த்தாமல், "ஆதார்ல பேர் மாத்தணும்ங்களா, அட்ரஸ் மாத்தணும்ங்களா?" என்றார். நெதர்லாந்திலிருந்து வந்தவளுக்கு இரண்டுமே பொருத்தமான கேள்விகள்தான். கடைசியில் ஒரு பேக்கரியில், தேங்காய் பன்னும் டீயும் வாங்கி வைத்துக்கொண்டு என் கதையைப் புலம்பியபோது, பக்கத்தில் பார்சலுக்குக் காத்திருந்த அம்மா திரும்பிப் பார்த்தார். அடுத்த தெருவில் கல்யாண மண்டபம் வைத்திருக்கும் வளர்மதி அக்கா. "ஆடி மாசம் எவன் கல்யாணம் பண்றான்? மண்டபம் சும்மாத்தான் கெடக்குது. ஜெனரேட்டர் இருக்குது, கல்யாணத்த லைவ்ல காட்டப் போட்ட நெட்டு இருக்குது. ஏற்கெனவே ரெண்டு பேரு வந்து உக்காந்துருக்காங்க. நீங்களும் வாங்க" என்றார்.

மண்டபம் என்றால் மணமேடை அல்ல, சாப்பாட்டுக்கூடம். நீள மேசையில் வெள்ளைத்தாள் சுருளை விரித்து, ஒரே பக்கமாக நாற்காலிகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். பெங்களூரு கம்பெனிக்குக் கணக்குப் பார்க்கும் சரவணன் ஓரத்தில். வாடிக்கையாளர்களிடம் ஆங்கிலமும், வீட்டுக்குப் போன் போட்டால் கன்னடமும், எங்களிடம் தமிழும் பேசும் மஞ்சுளா நடுவில். அடுத்து நான். இலை போடாத பந்தி, அவ்வளவுதான். முதல் நாள் மாலை சரவணன் வேலை முடிந்து பையோடு எழுந்தார். சமையல்கட்டிலிருந்து வளர்மதி அக்கா குரல் கொடுத்தார்: "ஏம்ப்பா, பக்கத்துல பொம்பளைங்க இன்னும் முடிக்கல, அதுக்குள்ள பந்தியில எந்திரிக்கற?" விளையாட்டாகத்தான் சொன்னார். சரவணன் நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அன்றிலிருந்து அதுவே சட்டமானது. முதலில் முடித்தவர் போனை நோண்டிக்கொண்டோ, சுண்டல் கொறித்துக்கொண்டோ இருப்பார். கடைசி ஆள் லேப்டாப்பை மூடியதும் எல்லோரும் ஒன்றாக எழுவோம். ஆடிப் பதினெட்டுக்கு ஒகேனக்கல் போய்வந்த சரவணன் மீன் வறுவல் கொண்டுவந்தார். மண்டபத்துக்குள் கவுச்சி கூடாதென்று அக்கா துரத்த, பின்வாசல் படியில் உட்கார்ந்து தின்றோம். மண்டபத்துக்கு வந்தபின் என் இணைப்பு ஒருமுறைகூட அறுபடவில்லை. பத்து வருடமாக அலுவலகங்களில் வேலை பார்க்கிறேன், வேலைக்குப் போக இவ்வளவு ஆசைப்பட்டதே இல்லை.

ஆடி முடிய ஒரு வாரம் இருக்கும்போது அந்த நாள் வந்தது. வாடிக்கையாளர் கூட்டத்தில் நான் பேசிக்கொண்டிருக்கிறேன், பீட்டரும் திரையில் இருக்கிறார். போனில் கவிதாவின் செய்தி: "வலி வந்துடுச்சுக்கா." போனை எட்டிப் பார்த்த வளர்மதி அக்கா காரை எடுத்துக்கொண்டு அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக ஓடினார். நான் எழவேண்டியதுதானே? எழ முடியவில்லை. இந்தக் கூட்டத்தையும் பாதியில் விட்டால் பீட்டர் என்ன நினைப்பார் என்று பேச்சைத் தொடர்ந்தேன். அப்போது மஞ்சுளா தன் லேப்டாப்பை மூடினாள். சரவணனும் மூடினார். இருவருக்கும் வேலை பாதியில் இருந்தது எனக்குத் தெரியும். இருவரும் எழுந்து நின்றார்கள். "நாங்க எந்திரிச்சிட்டோம். இனி நீங்களும் எந்திரிக்கலாம்ங்க" என்றாள் மஞ்சுளா.

பீட்டரிடம் ஒரே மூச்சில் சொன்னேன். "இதற்கெல்லாமா என்னைக் கேட்டுக்கொண்டு நிற்கிறாய்? ஓடு!" என்று கத்தினார். என் இணைப்பைப் பற்றி மட்டும் அவர் சொன்னதை நான் என் வாழ்க்கையைப் பற்றியதாக எடுத்துக்கொண்டிருந்தேன். மஞ்சுளாவின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து பறந்தேன். கவிதா என் கையை நசுக்கி எடுத்தாள். விளக்கு வைக்கும் நேரத்தில் பெண் குழந்தை. வளர்மதி அக்காதான் முதலில் பாப்பாவின் நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைத்தார். "ஆடியில ஒண்ணும் நடக்காதுன்னு இனி எவனாச்சும் சொல்லட்டும் பாக்கலாம்!" என்றார்.

இதையெல்லாம் கேட்ட பிறகு இங்க்ரிட் கைப்பையை இழுத்துக்கொள்வதில்லை. அவர் முதலில் முடித்தால் எனக்காக இருக்கிறார், நான் முடித்தால் அவருக்காக. நேற்று மாலை நான்கு மணிக்கே வெளியே மங்கிவிட்டது. ஊரில் இரவுச் சாப்பாட்டு நேரம். மார்கழி பிறந்து மண்டபம் மறுபடி காலி, அதனால் பந்தி மறுபடி கூடியிருக்கிறது. வேலை முடிந்து வீடியோவில் கூப்பிட்டேன். மஞ்சுளா, சரவணன், பக்கத்தில் என் நாற்காலியில் கவிதா, மடியில் பாப்பா. முதன்முதலாகக் கேழ்வரகுக் கூழ். முகமெல்லாம் பூசிக்கொண்டு ஒவ்வொரு வாய்க்கும் யோசித்துக்கொண்டிருந்தாள். இங்கே இங்க்ரிட் கோட்டு மாட்டி, பொத்தான் போட்டு, எனக்கு எதிரே நின்றார். "நான் எழுந்துவிட்டேன். இப்போது நீயும் எழலாம், இல்லையா?"

எழத்தான் போனேன். கோட்டில் ஒரு கையை நுழைத்துவிட்டேன். மறு கையில் போன் இருந்தது, கிண்ணத்தில் இன்னும் பாதிக் கூழ் இருந்தது. திரையை அவர் பக்கம் திருப்பினேன். இங்க்ரிட் குனிந்து பார்த்தார். பிறகு கோட்டைக் கழற்றாமலே நாற்காலியை இழுத்து, பாப்பா முடிக்கும்வரை என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.