கியர்பொக்ஸுக்கு வேறு ஒயில்

என் கணவர் கட்டாரில் வேலை செய்கிறார். அவர் இங்கே விட்டுப்போன சாமான்களில் எனக்கு அதிகம் வேலை வைத்தது அவருடைய கார். இரண்டு பேர் மட்டும் இருக்கக்கூடிய, துணிக்கூரையைப் பின்னால் மடித்துவிடக்கூடிய பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார். எங்கள் மூத்த மகளைவிட அதற்கு வயது கூட. சாய்ந்தமருதில் எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் இடையில் இரண்டு ஒழுங்கைகள்தான். உப்புக் காற்றுக்குப் பயந்து காரைப் போர்த்தியே வைத்திருந்தார். வருடத்தில் ஒரு மாதம் லீவில் வரும்போது போர்வையை எடுப்பார், மினுக்குவார், ஒலுவில் வரைக்கும் ஓட்டுவார், திரும்பவும் போர்த்திவிட்டுப் போவார்.

போன வருடம் புறப்படும்போது, "கிழமைக்கு ஒருக்கா ஸ்டார்ட் பண்ணி விடு புள்ள, பட்டரி செத்துப்போகும்" என்றார். நானும் ஸ்டார்ட் பண்ணிக்கொண்டிருந்தேன். நான் கல்முனையில் ஒரு பாடசாலையில் இரசாயனவியல் படிப்பிக்கிறேன். வழமையாக வரும் ஆட்டோ ஒரு நாள் வரவில்லை. முதலாம் பாடமே என்னுடையது. என்னிடம் லைசன்ஸ் இருந்தது, காரும் இருந்தது. அன்றைக்கு எடுத்தேன். மறுநாள் ஆட்டோ வந்தது, ஆனாலும் காரைத்தான் எடுத்தேன்.

கூரையை நான் ஒருபோதும் திறக்கவில்லை. இருந்தாலும் ஒரு பெண் இப்படியொரு காரை ஓட்டுகிறாள் என்று சந்தையடியில் தலைகள் திரும்பின, ஒன்றிரண்டு போன்களும் உயர்ந்தன. அது எனக்குப் பெரிதாகப் படவில்லை. எனக்குப் பெரிதாகப் பட்டது இரண்டாவதிலிருந்து மூன்றாவது கியருக்குப் போடும்போது வந்த சத்தம். பல்லை நறநறவென்று கடிப்பதுபோல் இருக்கும். காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது எஞ்சினின் மேற்பக்கத்தில் ஒரு டிக்டிக் சத்தமும் கேட்டது. சூடானதும் அது நின்றுவிடும்.

கணவருடைய சாச்சாவின், அதாவது சித்தப்பாவின், மகனிடம் இதைச் சொன்னேன். வாகனம் வாங்கி விற்பதுதான் அவருடைய தொழில். என்னை மதினி என்று கூப்பிடுவார், நான் அவரைத் தம்பி என்பேன். காலையில் காரைத் தனக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக் பாஸிடம் கொண்டுபோனார். பின்னேரம் அஸர் தொழுகைக்கு முன்பே திருப்பிக் கொண்டுவந்து விட்டார்.

"கியர்பொக்ஸ் முடிஞ்சு மதினி. இந்த மொடலுக்கு இனிச் சாமான் எடுக்க ஏலா. கொழும்புல ஒராள் கேக்காரு. இரிக்கிறபடியே எடுப்பாரு. குடுத்திடுவம்."

"கழட்டிப் பாத்தாங்களா?"

"ஓம், எல்லாம் பாத்தாச்சு."

ஒரே நாளில் கியர்பொக்ஸும் முடிந்து, வாங்குவதற்கு ஆளும் கிடைத்தது எனக்கு இடித்தது. அவர் போனபின் பழைய பாய் ஒன்றை விரித்து, போன் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு காருக்கு அடியில் தலையை விட்டேன். கியர்பொக்ஸ் எது என்று அதற்கு முன்பே இணையத்தில் படம் பார்த்திருந்தேன். அதிலிருந்து ஒயில் இறக்கும் நட்டில் மண்ணும் கிரீஸும் காய்ந்து ஒரு தோலாகப் பிடித்திருந்தது. அன்றைக்கு அதை யாரும் தொட்டிருக்கவே இல்லை. அதைப் படம் எடுத்து வைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நான் யாரையும் நம்பவில்லை.

காரின் கையேடு டாஷ்போர்ட் பெட்டிக்குள் கிடந்தது. முழுவதும் ஜப்பான் மொழி. ஆனால் ஒயில் அட்டவணையில் சின்னச் சின்னப் படங்களும் அவற்றுக்கு நேரே ஆங்கில எழுத்தும் இலக்கமும் இருந்தன. எஞ்சின் படத்துக்கு நேரே 10W-30. கியர்பொக்ஸ் படத்துக்கு நேரே 75W-90, ஜிஎல்-4 என்ற வகைக் கியர் ஒயில். பின் சக்கரங்களுக்கு நடுவில் இருக்கும் டிபரென்ஷியல் படத்துக்கு நேரே ஜிஎல்-5. கியர்பொக்ஸுக்கு ஒன்று, பின் அச்சுக்கு வேறொன்று. கராஜ் மூலையில் கணவர் விட்டுப்போன இரண்டு கேன்களைத் தூக்கிப் பார்த்தேன். ஒன்று 20W-50, வேன்களுக்கு ஊற்றும் தடித்த எஞ்சின் ஒயில். மற்றது ஜிஎல்-5, ஏறக்குறைய வெறும் கேன். ஜிஎல்-4 எங்கும் இல்லை; பின் அச்சின் ஒயில்தான் கியர்பொக்ஸுக்கும் போயிருக்க வேண்டும்.

கடைசி லீவில் ஒயில் மாற்றியது அவர்தான். ஒரு வெள்ளிக்கிழமை முழுக்க சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு காருக்கு அடியில் கிடந்தது எனக்கு நினைவிருந்தது.

கல்முனை பஸாரில் ஒரு ஒயில் கடைக்குப் போனேன். கடைக்காரர் நான் கேட்டதைக் கேட்டுவிட்டு வேறொன்றை எடுத்து வைத்தார்.

"நாலு என்னத்துக்கு டீச்சர்? அஞ்சு அதவிட நல்லது. நம்பர் கூடக் கூடத் தரமும் கூடும்."

"கையேட்டில நாலு எண்டுதான் கிடக்கு."

"அது அந்தக் காலத்துக் கதை."

எஞ்சினுக்கு அவர் எடுத்துத் தந்தது 0W-20. ஹைபிரிட் கார்கள் எல்லாவற்றுக்கும் அதுதான் போகிறதாம். தேய்ந்துபோன பழைய எஞ்சினின் சீல்கள் வழியாக அந்த மெல்லிய ஒயில் கசிந்துவிடும் என்று நான் வாசித்திருந்தேன். கேனின் மூடியைப் பார்த்தேன். அடிவளையம் ஒரு இடத்தில் வெடித்திருந்தது. லேபிளுக்கு அடியில் இன்னொரு லேபிளின் ஓரமும் தெரிந்தது. "ஏத்தி இறக்கேக்க அப்படித்தான் டீச்சர்" என்றார். நான் அதை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன்.

உழவு இயந்திரச் சாமான் விற்கும் கடையொன்றில் ஜிஎல்-4 கிடைத்தது. மூடி சரியாக இருந்தது, லேபிளும் ஒன்றுதான். ஆனால் உள்ளே இருப்பது அதுதான் என்று எனக்கு யார் சொல்வது? ஜிஎல்-5 இல் கந்தகச் சேர்மானம் அதிகம். பழைய கியர்பொக்ஸில் பித்தளை வளையங்கள் உண்டு. கியர்கள் ஒன்றையொன்று பிடிக்குமுன் வேகத்தைச் சமப்படுத்துவது அவைதான். ஒயில் வழுக்கினால் வளையத்துக்குப் பிடிப்பு இல்லை, கந்தகம் அரித்தால் வளையமே இல்லை. பித்தளையில் பெரும்பகுதி செம்பு; செம்பைக் கந்தகம் என்ன செய்யும் என்று நான் ஒவ்வொரு வருடமும் படிப்பிக்கிறேன். இரண்டு செம்புத் துண்டுகளை மினுக்கி, ஒன்றைப் புதிய ஒயிலிலும் மற்றதைக் கணவரின் கேனில் மிஞ்சியதிலும் போட்டு, ஆய்கூடத்தில் கொதிநீரில் வைத்தேன். இடையில் இரண்டு வகுப்புகளுக்குப் போய்வந்தேன். பள்ளிக்கூடம் விட்டபின் எடுத்துத் துடைத்தேன். புதிய ஒயிலில் கிடந்தது கொஞ்சம் செம்மஞ்சளாக இருந்தது. மற்றதில் ஊதாவும் கருப்புமாகத் திட்டுகள் விழுந்திருந்தன.

கேன் கேனுக்கு ஒயில் வேறுபடும், இதை வைத்து எல்லா ஜிஎல்-5 உம் இப்படித்தான் என்று சொல்ல முடியாது. என் காருக்குள் போன கேனைப் பற்றி எனக்குப் போதுமானது தெரிந்துவிட்டது.

அதை மாற்றுவதற்குத் தம்பியைத் தெரியாத ஒருவர் வேண்டும். காரைதீவில் உழவு இயந்திரமும் அறுவடை மெஷினும் திருத்தும் ஒருவர் இருக்கிறார் என்று சக ஆசிரியை ஒருவர் சொன்னார். சனிக்கிழமை காலையில் போனேன். ஐம்பதைத் தாண்டியவர், நெற்றியில் திருநீறு, முழங்கை வரைக்கும் கிரீஸ். என் காரைச் சுற்றி ஒரு தரம் நடந்தார். நான் கொண்டுபோன ஒயிலைப் பார்த்தார்.

"இது ஆர் சொன்னது டீச்சர்?"

"கையேடு."

"சரியாத்தான் சொல்லியிருக்கு."

காரைத் தூக்கி வைத்து நட்டைக் கழற்றினார். நான் பக்கத்திலேயே குந்தியிருந்தேன். அவர் ஸ்பானரை எடுத்தாலும் பார்த்தேன், சட்டியை வைத்தாலும் பார்த்தேன். கொஞ்ச நேரம் பொறுத்துவிட்டு, "டீச்சருக்கு என்னில நம்பிக்கையில்ல போல" என்றார்.

"உங்களில மட்டும் இல்ல அண்ணன். ஒருத்தரிலயும் இல்ல."

அவர் கோபிக்கவில்லை. உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் கதிரையைக் கொண்டுவந்து, நட்டு நேராகத் தெரிகிற இடத்தில் போட்டார். "இருந்து பாருங்க" என்றார்.

சட்டியில் இறங்கிய ஒயிலை வெயிலில் பிடித்துக் காட்டினார். கருமைக்குள் பொன் தூள்போல ஏதோ மினுங்கியது.

"பித்தளை. வளையம் தேஞ்சிருக்கு. ஆனா துண்டு துண்டா ஒண்டும் வரல்ல. முடிஞ்சு எண்டு சொல்ல ஏலா. இந்த ஒயில ஊத்தி ஓடிப் பாருங்க. மூண்டுக்கு மாத்தேக்க அவசரப்படாதீங்க."

எஞ்சினில் இருந்த தடித்த ஒயிலையும் இறக்கினார். அதுதான் காலையில் மேலே ஏறச் சுணங்கி அந்த டிக்டிக் சத்தத்தைத் தந்ததாம். கையேட்டில் இருக்கும் 10W-30 புது எஞ்சினுக்குச் சரி, எங்கள் வெக்கைக்கும் இவ்வளவு ஓடிய எஞ்சினுக்கும் 10W-40 போதும் என்றார். நானும் வாசித்துவிட்டு அதையேதான் நினைத்திருந்தேன். இருந்தும், அவர் அதையே சொன்னபோது ஏன் இவ்வளவு இலகுவாக ஒத்துப்போகிறார் என்று ஒரு கணம் யோசித்தேன். அந்த அளவுக்கு வந்திருந்தேன்.

முதல் இரண்டு நாளும் சத்தம் குறையவில்லை. மூன்றாம் நாள் குறைந்தது. பத்து நாளில் மூன்றாவது கியர் சத்தமில்லாமல் விழுந்தது. காலையில் சூடாகுமுன் மட்டும் எப்போதாவது ஒரு சின்னக் கடி கேட்கும்.

அடுத்த கிழமை தம்பி தன் சின்ன மகளோடு வந்தார். கொழும்பு ஆள் பார்க்க வருகிறாராம். "ஏறுங்க, ஒரு சுத்துப் போய் வருவம்" என்றேன். மகளை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் ஏறினார். நிந்தவூர் தாண்டும் வரைக்கும் நான் மூன்றாவது கியரைப் போட்டுப் போட்டுக் காட்டினேன். வண்டியை ஓரத்தில் நிறுத்தி, நட்டின் படத்தைப் போனில் எடுத்து நீட்டினேன்.

"உங்கட பாஸ் கழட்டிப் பாத்த நட்டு இதுதானா தம்பி?"

அவர் படத்தைப் பார்த்தார். பிறகு ரோட்டைப் பார்த்தார்.

"மதினி, நான் விக்கிறத்துக்கு ஆசப்பட்டுச் சொல்லல்ல. கட்டார்ல இருந்து காக்காதான், உங்கட மாப்பிளதான், சொல்லச் சொன்னாரு. கியர்பொக்ஸ் முடிஞ்சு எண்டு சொல்லி, எப்படியாவது குடுத்திடு எண்டாரு."

"என்னத்துக்கு?"

"அத அவருக்கிட்டயே கேளுங்க."

தம்பி மேல் எனக்கிருந்த கோபம் அந்த இடத்திலேயே போய்விட்டது. ஒரு மாதமாகக் கடைக்காரரையும், முகமே பார்க்காத பாஸையும், காரைதீவு அண்ணனையும் சந்தேகித்தேன். ஒயில் மாற்றியது கணவர்தான் என்று கேனைப் பார்த்தபோதே தெரிந்தும், அவர் பக்கம் மட்டும் என் எண்ணம் போகவே இல்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு கணவர் கட்டாரிலிருந்து போன் எடுத்தார். நான் நேராகவே கேட்டேன்.

"நான் ஒயில் மாத்தின மறுநாளே கடிக்கத் தொடங்கிட்டு புள்ள. நான்தான் கெடுத்துப் போட்டன் எண்டு விளங்கிச்சு. உனக்குச் சொல்ல வெக்கமா இருந்திச்சு. கண்ணுக்கு முன்னால இருந்தா தினமும் குத்தும், அதான் வித்திடுவம் எண்டு நினைச்சன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"நான் சந்தையால ஓட்டிப்போன வீடியோ ஒண்டு உங்களுக்கு வந்ததாமே." எனக்கு அப்படி யாரும் சொல்லவில்லை. ஒரு ஊகத்தில் போட்டுப் பார்த்தேன்.

"வந்திச்சி" என்றார். "அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல."

இருக்கலாம். ஒயில் கதை உண்மைதான், கேன் சாட்சி. வீடியோவும் உண்மைதான், அவர் வாயாலேயே வந்தது. தம்பியிடம் அவர் பேசியது வீடியோ வருவதற்கு முன்பா பின்பா என்று தம்பியிடம் கேட்டேன். பின்பு என்றால் காரணம் நான் ஓட்டியதுதான். ஞாபகமில்லை என்றார். அவரை நான் மேலும் நெருக்கவில்லை.

காரை விற்கவில்லை. இந்த வருடம் லீவில் வந்தபோது, கார்த் திறப்பை நானே எடுத்துக் கொடுத்தேன். தனியாக ஒலுவில் வரைக்கும் போய்விட்டு வந்தார். "நல்லா விழுது" என்று மட்டும் சொன்னார். கியர்பொக்ஸுக்கு எது, பின் அச்சுக்கு எது என்று கேட்டு இரண்டையும் போனில் எழுதிக்கொண்டார். விமானம் ஏறும் வரைக்கும் வீடியோவைப் பற்றி அவர் ஒரு வார்த்தை எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

இப்போதும் அவர் போன் எடுத்தால், பிள்ளைகளை விசாரித்து முடித்தபின் ஒரு கேள்வி வரும்.

"இண்டைக்கும் அதிலயா போன?"

"ஓம்."

"அல்ஹம்துலில்லாஹ்" என்பார். அந்தச் சொல்லை அவர் என்ன குரலில் சொல்கிறார் என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்பேன். சந்தோசமா, வேறு ஏதாவதா என்று இதுவரைக்கும் எனக்குப் பிடிபடவில்லை.