பாயின் மேல் என் கால்

ஓசூரில் ஒரு வாடகை வீட்டின் கீழ்த்தளத்தில், பதினோரு குழந்தைகளோடு எங்கள் பள்ளி ஆரம்பித்தது. பெங்களூரில் என்னோடு மாண்டிசோரி பயிற்சி முடித்த தோழியும் நானும்தான் ஆசிரியர்கள், ஆயாக்கள், ஜன்னலுக்குப் பெயிண்ட் அடித்தவர்கள். இரண்டரை வயதிலிருந்து ஆறு வயது வரை எல்லாரும் ஒரே கூடத்தில். எங்களை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு வீட்டில் கன்னடம், ஒரு வீட்டில் தெலுங்கு, இன்னொன்றில் திருநெல்வேலித் தமிழ். பெரியதுகள் சின்னதுகளுக்குச் சொல்லிக்கொடுக்கும். எந்த மொழியில் என்று சில நேரம் எங்களுக்கே தெரியாது.

ஒரு சட்டம் மட்டும் கண்டிப்பு. குழந்தை தன் பாயை விரித்து, எண்ணவோ அடுக்கவோ ஒரு பொருளை எடுத்து வைத்துவிட்டால் அது அதன் இடம். யாரும் மிதிக்கக்கூடாது, குறுக்கே பேசக்கூடாது. நாங்களும்தான்.

நான்கு வயதுப் பையன் ஒருவன் இதை எங்களைவிடக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். ஒருநாள் ஃபோனில் பேசிக்கொண்டே அவன் பாயில் கால் வைத்துவிட்டேன்.

"அக்கா, பாய மிதிக்காதீங்க. நான் வேல செய்றேன்ல."

முகத்தில் சிரிப்பே இல்லை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது தெருவுக்கே தெரியும். அன்று மன்னிப்புக் கேட்டுவிட்டு நாள் முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு பெருமை எனக்கு.

புதுக் கம்பெனிகள் வர வர, குடும்பங்களும் வந்தன. மாடி எடுத்தோம், வேன் வாங்கினோம். கூடவே ஒரு கேள்வியும் வந்தது. அந்தப் பையனின் அப்பாவுக்கு உதிரிபாகக் கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. தன்மையான மனிதர். தயங்கித் தயங்கித்தான் கேட்டார்.

"கம்பெனில எல்லாரும் கேக்காங்க மேடம், ஒம் பையன் எல்கேஜியா யூகேஜியான்னு. நான் என்னத்தச் சொல்ல?"

அவர் ஒருவர் என்றால் பரவாயில்லை. வருடக் கடைசியில் பாதிப் பேர் ஹைவேயில் இருக்கும் பெரிய பள்ளிக்கு மாற்றப்போவதாகச் சொன்னார்கள். நான் பயந்துபோனேன். வீடு வீடாகப் போய்ப் பேசலாம், பொறுமையாக இரு என்றாள் தோழி. பிள்ளைகளே இல்லாத கூடத்தில் யாருக்குப் பாய் விரிப்பாய் என்று அவளிடம் கத்தினேன்.

கோடை விடுமுறையில் பிளைவுட் தடுப்பு வைத்து, கூடத்தை வயதுவாரியாக மூன்றாக வெட்டினேன். பெஞ்சு வந்தது, யூனிஃபார்ம் வந்தது. அக்கா போய் மேடம் வந்தது. பாய்களைத் தூக்கிப் போட மனசு வரவில்லை. வாரத்துக்கு ஒரு பீரியட் 'மாண்டிசோரி' என்று டைம்டேபிளில் போட்டேன். இதைவிடக் கேவலம் உண்டா? தோழி அதைப் படித்துப் பார்த்தாள்.

"அப்பறம் வாசல் போர்டுல மட்டும் அந்தப் பேரு எதுக்கு?"

அந்த மாதத்தோடு நின்றுகொண்டாள். ஒரு குழந்தைகூடப் போகவில்லை. புதிதாக இன்னும் நிறையப் பேர் சேர்ந்தார்கள். இப்போதுதான் பள்ளிக்கூடம் மாதிரி இருக்கிறது என்று பையனின் அப்பா ஸ்வீட் பாக்ஸ் கொண்டுவந்து கொடுத்தார்.

போன மாதம், மகளைச் சேர்க்க வந்த ஒரு அம்மாவுக்கு வகுப்புகளைச் சுற்றிக் காட்டினேன். யூகேஜியில் அன்று மாண்டிசோரி பீரியட். அதே பையன் பாய் விரித்து, எண்ணிப் பழகும் மணிச்சரங்களை நீள வரிசையில் அடுக்கிக்கொண்டிருந்தான். நான் கையை நீட்டிப் பேசிக்கொண்டே நடந்ததில் காலுக்கடியில் மணிகள் உருண்டன. குனிந்து பார்த்தேன். அவன் பாய்.

உடனே காலை எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. சொல்லுடா, சொல்லு என்று மனசு அடித்துக்கொண்டது.

அவன் எழுந்தான். என் காலைப் பார்த்தான். கையைக் கட்டிக்கொண்டு, "குட் மார்னிங் மேடம்" என்றான்.

எவ்வளவு மரியாதை பாருங்கள், மகளை இங்கேயே சேர்த்துவிடுகிறேன் என்றார் அந்த அம்மா. ஃபார்ம் ஆபீசில் இருக்கிறது என்று சொல்லி அவரைக் கூட்டிக்கொண்டு போனேன்.